மடியில் பதினொரு போன்கள்

நாங்கள் வாங்கும் கடனைத் தொழிலுக்கே பயன்படுத்துவோம் என்று நான் சொல்கிறேன், பத்துப் பேர் திருப்பிச் சொல்கிறார்கள். தவணையைத் தவறாமல் கட்டுவோம் என்கிறேன், கட்டுவோம் என்கிறார்கள். பதினொரு வருசமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை எட்டு மணிக்கு இந்தத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஜமுக்காளத்தை விரித்து, வலது கையை நீட்டிக்கொண்டு இதைச் சொல்கிறோம், பேரன் பேத்தி எடுத்த பொம்பளைகள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் கடன் கம்பெனி மோகன்ராஜ் சார், காலை ஆட்டிக்கொண்டு, டேப்லெட்டைத் தேய்த்துக்கொண்டு. அவர் வாய் அசையாது. அவர் எதற்கு உறுதி எடுக்க வேண்டும், கடன் வாங்குகிறவள்தானே கையை நீட்டிச் சத்தியம் பண்ண வேண்டும். தொட்டி கசிகிறது. ஒரு சொட்டு சரியாக என் பிடரியில் விழுந்து ரவிக்கைக்குள் இறங்குகிறது, துடைக்க முடியவில்லை, ஒரு கை சத்தியத்தில் இருக்கிறது, இன்னொரு கை மடியில் இருக்கிற எவர்சில்வர் தட்டைப் பிடித்திருக்கிறது. தட்டில் பதினொரு போன்கள். கூட்டத்தில் போன் அடித்தால் சாருக்கு ஆகாது, அதனால் உட்காரும்போதே எல்லோரும் என் தட்டில் போட்டுவிடுவார்கள். யாருக்காவது கடன் போடும்போது ஓடிபி என்று ஆறு இலக்க எண் ஒன்று அவள் போனுக்கு வரும், அதைப் படித்துச் சாரிடம் சொல்கிற வேலையும் எனக்குத்தான். பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, மீதிப் பேருக்குக் கண்ணாடி இல்லை. இன்றைக்குத் துளசிமணிக்குக் கடன் போடுகிறார்கள், அவள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம் என்று சொல்ல வாயெடுக்கிறேன், தட்டு உறுமுகிறது. ஒரு போன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்று நான்கு சேர்ந்தாற்போல், எவர்சில்வரில் போன் துடிக்கிற சத்தம் தொடை எலும்பு வரைக்கும் ஏறுகிறது. எல்லாத் திரையிலும் ஒரே செய்தி. பேர் மட்டும்தான் மாறுகிறது. வாழ்த்துகள் சம்பூர்ணம், வாழ்த்துகள் பேபி, வாழ்த்துகள் துளசிமணி, உங்கள் குழுத் தலைவி வசந்தாமணி பரிந்துரையின் பேரில் ஒன்றரை லட்சம் கடன் தயார், ஜாமீன் வேண்டாம், இன்று பதினொரு மணிக்குள் கீழே இருக்கும் லிங்கை அழுத்தவும். வசந்தாமணி நான்தான். ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம் என்று என் வாய் சொல்லிவிட்டது, பத்துப் பேரும் திருப்பிச் சொல்லிவிட்டார்கள்.

எடுபட்டவள், போனில் என்னை ஏமாற்றினவள். என் பேரைப் போட்டிருக்கிறாள். அப்பா வைத்த பேர், ஓட்டு அட்டையில் இருக்கிற பேர், இந்த ஊரில் ரேஷன் மெசேஜ் வந்தாலும் கேஸ் மெசேஜ் வந்தாலும் வசந்தாமணிகிட்டக் காட்டு என்று சொல்கிற பேர். எனக்கு இதே மாதிரி மெசேஜ் வந்தபோது அதில் யார் பேரும் இல்லை. பதினெட்டு நாளைக்கு முன்னால், உள்பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தபோது வந்தது, அரசு அங்கீகாரம் பெற்ற கடன், இரண்டு லட்சம், ஐந்து நிமிடத்தில். இந்தப் பழைய மிதி மெஷினை ஓரங்கட்டிவிட்டுப் பவர் மெஷின் ஒன்று வாங்கினால் ஒரு நாளைக்கு அறுபது பாவாடை தைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே வாரத்தில் அது வந்தது, அதைத் தெய்வாதீனம் என்று நினைத்தேன். தெய்வத்துக்கு வேறு வேலை இல்லை பார். அது ஒரே நாளில் லட்சம் பேருக்குப் போயிருக்கும், அதில் மெஷின் வாங்க நினைத்தவள், மகளுக்குச் சீர் செய்ய நினைத்தவள், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் எல்லோரும் தனக்கென்றே வந்ததாக நினைத்திருப்பார்கள். கூப்பிட்டேன். கீர்த்தனா என்று பேர் சொன்னாள். முதல் கேள்வி என்ன தெரியுமா, சாப்பிட்டீங்களாக்கா. என் வீட்டில் கடைசியாக எப்போது யார் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டார்கள். டெம்போ ஓட்டிவிட்டு வருகிற மனுசன் சோறு எங்கே என்று கேட்பார், நீ தின்றாயா என்று கேட்கமாட்டார், நர்சிங் படிக்கிற மகள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டால் காசு வந்ததா என்று கேட்பாள். எவளோ ஒரு கீர்த்தனா கேட்டாள், நான் சாப்பிட்டேன் கண்ணு, நீ சாப்பிட்டியா என்றேன். வெட்கங்கெட்டவள் நான். அப்புறம் பைல் கட்டணம் இரண்டாயிரத்து ஐநூறு. அப்புறம் இன்சூரன்ஸ் ஆறாயிரம். கடன் கொடுக்கிறவன் என்னிடம் எதற்கு முதலில் பணம் கேட்கிறான் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோன்றியிருக்கக் கூடாதா. பணம் போட்டபோது திரையில் வந்த பேர் கீர்த்தனா இல்லை, கம்பெனி பேரும் இல்லை, எவனோ ஒரு ஆம்பளை பேர். கேட்டேன், கேட்காமலில்லை. அவர் எங்க அக்கவுண்டன்ட்டுக்கா என்றாள். ஆபீஸ் எங்கே என்றேன், கோயமுத்தூர் என்றாள், கோயமுத்தூரில் எங்கே என்று நான் கேட்கவில்லை. கறிவேப்பிலை வாடியிருந்தால் கொசுறுகூட வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறவள் நான். கவுந்தப்பாடிச் சந்தையில் என்னைக் கண்டால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

உட்காருங்கக்கா எல்லாரும் என்கிறார் சார். உட்கார்கிறோம். வருகை எடுக்கிறார், பேபி, வந்தாச்சுங், சம்பூர்ணம், இருக்கறனுங், ஒவ்வொரு பேராக அவர் கூப்பிடக் கூப்பிட என் தட்டில் அந்தந்தப் பேருள்ள போன் கிடக்கிறது, திரை அணைந்து, மறுபடி ஒளிர்ந்து. இந்தப் பேரெல்லாம் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். நான்தான் கொடுத்தேன். திருடன் வந்து திருடவில்லை, நானே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். தனியா வாங்கினா வட்டி ஜாஸ்திக்கா, குழுவா வந்தீங்கன்னா கம்மி என்றாள் அவள், அந்த இடத்தில்தான் என் புத்தி செத்தது, ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த பேச்சு. பதினொரு வருசமாக எனக்குத் தெரிந்த கடன் எல்லாமே பதினொரு பேர் சேர்ந்து வாங்கியதுதான், ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேர் கட்டுவது, ஒருத்தி வாங்கினால் பத்துப் பேருக்கும் தெரிவது. எனக்கு மட்டும் இரண்டு லட்சம் வருகிறது என்றபோது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. குழு என்றதும் கூச்சம் போய்விட்டது. வெயிலோடு வெயிலாக வீடு வீடாகப் போனேன். புதுசா ஒரு லோன் வருதுங்கக்கா, வட்டி கம்மி, ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுங்க என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஒவ்வொரு தடவையும் அப்படித்தானே எடுத்துக் கொடுக்கிறோம். ஏடிஎம் கார்டு வைத்திருந்த நாலு பேரிடம் கார்டையும் வாங்கி முன்பக்கம் பின்பக்கம் போட்டோ பிடித்தேன். சம்பூர்ணக்கா கார்டை அரிசி டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள், காபி வைக்கட்டுமா கண்ணு என்றாள், நான் வேண்டாங்கக்கா, இன்னும் மூணு வீடு இருக்குது என்று தலைவி மிடுக்கோடு வெளியே வந்தேன். என் கார்டையும் சேர்த்து எல்லாவற்றையும் அனுப்பினேன். கடைசியாக அவள் கூப்பிட்டாள், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்கக்கா, அதைச் சொல்லுங்க. எதற்கு என்று நான் கேட்கவில்லை என்று சொன்னால் பொய், கேட்டேன், என்னத்துக்குக் கண்ணு என்றேன், சிஸ்டம் கேக்குதுக்கா, சீக்கிரம் சொல்லுங்க, டைம் போயிரும் என்றாள். சொன்னேன். ஒரே மூச்சில். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. இந்தச் சென்டரிலேயே, எங்கள் கூட்டத்துக்குக் கம்பெனி வைத்த பேர் அது, நம்பரைத் தப்பில்லாமல் வேகமாகப் படிப்பது வசந்தாமணியக்காதான் என்று மோகன்ராஜ் சாரே சொல்லியிருக்கிறார். எத்தனை செவ்வாய்க்கிழமை, எத்தனை பேருடைய நம்பர், கடன் என்று யார் வாயெடுத்தாலும் ஆறு எண்ணை ஒப்பிக்கும்படி என்னைப் பழக்கி வைத்திருந்தார்கள், அவள் சும்மா வந்து கறந்துகொண்டு போனாள். என் கணக்கிலிருந்து நாற்பத்தோராயிரம். மகளுடைய இரண்டாம் வருசப் பீஸ். முன்னால் கட்டிய எட்டாயிரத்து ஐநூறையும் சேர்த்தால் நாற்பத்தொன்பதாயிரத்து ஐநூறு, இந்தத் தொகையை நான் இன்னும் வாய்விட்டுச் சொன்னதில்லை, மனசுக்குள்ளேயே வைத்து எட்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன், பல்லில் மாட்டிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போகிறது.

போன செவ்வாய்க்கிழமை, அது நடந்த மறுநாள், இதே ஜமுக்காளத்தில் பேபியக்கா கேட்டாள். இட்லிக் கடை பேபியக்கா, அவள் வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. ஏனம்மிணி, அந்தப் புது லோனு என்னாச்சு? வருதுங்கக்கா, ஆபீசுல பாத்துட்டிருக்கறாங்க என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நாலு பேரும் அன்றைக்கே பேங்குக்குப் போய்க் கார்டை வேலை செய்யாதபடி அடைத்திருப்பார்கள். சொல்லவில்லை. பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், வீட்டு மனுசனுக்குத் தெரிந்தால் என்று சொல்லிக்கொள்ளலாம், அதெல்லாம் இல்லை, தலைவி ஏமாந்தாள் என்கிற பேச்சை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான். என்னோடு போகட்டும், அவர்களை விட்டுவிடுவார்கள் என்று எட்டு நாளாகச் சாமி கும்பிட்டேன். எவ்வளவு புத்திசாலி பார், திருடனுக்கு நல்ல புத்தி கொடு என்று கும்பிட்டிருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் 1930 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது, பணம் போனதும் உடனே கூப்பிடுங்கள் என்று, அந்த வழியாகத்தான் தினமும் பாவாடைக் கட்டைக் கொடுக்கப் போகிறேன், தலையைத் திருப்பிக்கொண்டு போகிறேன். இப்போது தட்டு மறுபடி உறுமுகிறது. சார் துளசிமணியிடம் என்ன தொழில், எத்தனை ஆடு என்று கேட்டு டேப்லெட்டில் குத்திக்கொண்டிருக்கிறார். எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். என் மடியை யாரும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தட்டின் மேல் போடுகிறேன். உள்ளே விரல் போகிறது. அழித்துவிட்டால்? பத்துப் போன், பத்து மெசேஜ், யாருக்கும் தெரியாது, என் பேர் என் பேராகவே இருக்கும். நாகமணி போனுக்குப் பூட்டு இல்லை, அழித்தேன். துளசிமணி போன், அழித்தேன். பேபியக்கா போனில் கோலம் போட்டுத் திறக்க வேண்டும், ட மாதிரி ஒரு கோடு, அவள் போடும்போது பார்த்திருக்கிறேன், திறந்தது, அழித்தேன். விரல் வேர்த்து வழுக்குகிறது. மூன்று. இன்னும் ஏழு. அதில் நாலு போனுக்கு விரல் ரேகை வேண்டும், யாருடைய விரலைப் பிடித்து இழுப்பேன். என்ன காரியம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு திருடி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள், நான் அவள் கால்தடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கூலிக்கு ஆள் வைத்தால்கூட இவ்வளவு அக்கறையாகச் செய்யமாட்டான்.

சம்பூர்ணக்காவின் போன் பட்டன் போன். அது மட்டும் உறுமாது, அடிக்கும். அடிக்கிறது. மாரியம்மன் பாட்டு, பெரிய சத்தத்தில், சார் நிமிர்ந்து முகம் சுளிக்கிறார். என்ற போனுதானுங் சாமி, மன்னிச்சுக்குங்க என்று சம்பூர்ணக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து தட்டிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். அவள் விரல் என் கைமேல் பட்டது, சாணி வாசம் இல்லாத கை. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் கையில் எப்போதும் மாட்டு வாசம் இருக்கும். முட்டி வலியில் இனிமேல் சோளத்தட்டு அறுக்க முடியாது என்று மாட்டை விற்றுவிட்டாள், நாற்பத்திரண்டாயிரம், வாங்கினவன் பேங்கில் போட்டுவிட்டான், ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்குக் கூரை மாற்ற. போன ஐப்பசியில் அவள் கட்டிலை நடுவீட்டுக்கும் அடுப்படிக்கும் இழுத்து இழுத்துப் போட்டதைப் பார்த்தவள் நான். இப்போது குழாயடிக்குப் போய் நின்று பேசுகிறாள். அந்தப் போனில் ஸ்பீக்கர் தவிர வேறு வழியில் கேட்காது, ஊருக்கே கேட்கும். அம்மா, நாங்க லோன் ஆபீசுல இருந்து பேசறோம்மா. அந்தக் குரல்தான். எத்தனை தடவை காதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், இந்த எட்டு நாளும் பாத்திரம் கழுவும்போது, நாடா கோக்கும்போது, அந்தக் குரலுக்கு முகம் வைத்து அந்த முகத்தில் அறைந்திருக்கிறேன். சாப்பிட்டீங்களாம்மா. சாப்டேன் கண்ணு, களிதான், நீ சாப்டியா சாமி? அய்யோ. எழுந்திரு வசந்தாமணி. எழுந்து ஓடிப்போய் அந்தப் போனைப் பிடுங்கு. பிடுங்கினால் ஏன் பிடுங்கினாய் என்பாள். மோசக்காரி என்பேன், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். எப்படித் தெரியும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று ஜமுக்காளத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்திரண்டாயிரம் அவளுடையது, மானம் என்னுடையது, இரண்டையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன், தூ. ஒருவேளை கார்டு வேலை செய்யாமல் போகலாம். ஒருவேளை சிக்னல் போகலாம். ஒருவேளை சம்பூர்ணக்காவுக்குப் புரியாமல் வைத்துவிடலாம், அவளுக்கு எண்கூடப் படிக்கத் தெரியாதே, நம்பரை எப்படிச் சொல்வாள், ஆமாம், சொல்ல முடியாது, தப்பித்தாள், எழுதப் படிக்கத் தெரியாததே அவளைக் காப்பாற்றும் என்று நினைத்து மூச்சு விடுகிறேன். அவள் திரும்புகிறாள். முட்டியைத் தாங்கித் தாங்கி நேராக என்னைப் பார்த்து நடந்து வருகிறாள், முகமெல்லாம் சிரிப்பு, போனை விளக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு. நம்பர் படிப்பது யார் வேலை இந்தச் சென்டரில்? என் வேலை.

"வசந்தா, நீ சொன்னியே, அந்த லோனு வந்துருச்சாட்ட இருக்குது. லைன்ல அந்தப் புள்ள இருக்குது. நம்பரு வந்திருக்குதாமா, படிச்சுச் சொல்லு கண்ணு" என்கிறாள். போன் என் கையில். கீறல் விழுந்த சின்னத் திரையில் ஆறு எண்கள். வாய் தானாகத் திறக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன், முதல் எண் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, பதினொரு வருசப் பழக்கம், நாலு என்று சொல்ல நாக்கு மேலண்ணத்துக்குப் போய்விட்டது. "அம்மா, சீக்கிரம்மா, டைம் போயிரும்" என்கிறது குரல். அந்த டைம் போயிரும் என்ற சொல்லில்தான் எனக்குள் என்னவோ அறுந்தது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, கோபம் மட்டும்தான் இருந்தது, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும். "டைம் இருக்குது. நீ சாப்டியா?" என்றேன். "யாருங்க பேசறது?" என்றாள். "தலைவி வசந்தாமணி. எம் பேரைப் போட்டு இத்தன பேருக்கு மெசேஜ் அனுப்பிச்சிருக்கற, என்ற குரல் தெரீலயா? நாப்பத்தொம்பதாயிரத்து ஐநூறு தின்னீங்களே, என்ற புள்ள பீசைத் தின்னீங்களே, இன்னும் வயிறு நெறையலயா உனக்கு? இந்தக் கெழவி மாட்டையும் கேக்குதா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாததெல்லாம். லைன் எப்போது அறுந்ததென்று தெரியாது, அறுந்த பிறகும் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் பார்த்தால் சார் எழுந்து நிற்கிறார், பத்துப் பேரும் என்னைப் பார்க்கிறார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். சொன்னேன். மெசேஜ் வந்ததை, பைல் கட்டணத்தை, இன்சூரன்ஸை, நம்பரை ஒப்பித்ததை. தொகையைச் சொன்னேன், அந்த நார் ஒருவழியாக வாயை விட்டு வெளியே வந்தது. எல்லோர் முகத்திலும் அய்யோ பாவம் என்று வந்தது, நாகமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், அய்யோ பாவத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பேபியக்காவின் கண் மட்டும் என் மேலேயே இருந்தது. "அவளுக்கு எங்க நம்பரெல்லாம் எப்படிக் கெடச்சுது?" என்றாள். "நான்தானுங்கக்கா குடுத்தேன். ஆதாரு, பாஸ்புக்கு, உங்க நாலு பேரு கார்டு, எல்லாம்." "போன வாரம் கேட்டப்ப வருது வருதுன்னியே?" "பொய் சொன்னனுங்க. இப்பக்கூட உங்க போன்ல இருந்த மெசேஜைத் திருட்டுத்தனமா அழிச்சுப்போட்டேன். ட போட்டுத் தெறந்தேன்." பேபியக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து வந்து தட்டிலிருந்து தன் போனை எடுத்து, மடியில் செருகிக்கொண்டு, "கார்டு இருக்கறவங்க எந்திரிங்க, பேங்குக்குப் போலாம், சம்பூர்ணக்கா, நீங்க முன்னாடி நடங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். சம்பூர்ணக்கா நகரவில்லை. "அப்ப இந்துஜா படிப்பு?" என்று என்னிடம் கேட்டாள். மகளுடைய பேரை அவள் சொன்னதும் அழக்கூடாது என்று தட்டை இறுக்கிப் பிடித்தேன், அழுதால் கோபம் கரைந்துவிடும், எனக்கு இப்போது கோபம் வேண்டும். "நீங்க போங்கக்கா. கார்டை அடச்சுட்டு வாங்க. நான் 1930க்குப் போன் பண்றேன், அப்புறம் புள்ளைக்குச் சொல்லிக்கறேன்" என்றேன். மோகன்ராஜ் சார் கடிகாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். அவரும் பாவம்தான், அடுத்த ஊரில் ஒன்பதரைக்கு இன்னொரு ஜமுக்காளம் அவருக்காக விரித்துக் கிடக்கும். "வருத்தமாத்தான் இருக்குதுங்கக்கா, இந்த மாதிரி மெசேஜையெல்லாம் நம்பவே கூடாது, நாங்கதான் எத்தன தடவ சொல்றோம்" என்றார். எப்போது சொன்னார்? "சரி, துளசிமணியக்கா லோனை முடிச்சுரலாமுங்க. ஓடிபி வந்திருச்சு பாருங்க, சொல்லுங்க." தட்டில் துளசிமணியின் போன் ஒளிர்கிறது. ஆறு எண்கள். துளசிமணி பூவும் பொட்டுமாக என்னையே பார்க்கிறாள், நாலு ஆட்டுக் குட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் படிக்கவில்லை. "இந்த நம்பரு என்னத்துக்குங்க சார்?" என்று கேட்டேன். பதினொரு வருசத்தில் முதல் தடவையாக இந்த மனுசனிடம் கேட்கிறேன். "என்னக்கா இன்னிக்குப் புதுசா கேக்கறீங்க" என்று சிரித்தார், டேப்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. "சிஸ்டம் கேக்குதுங்கக்கா" என்றார்.

"அவளும் இதையேதானுங்க சார் சொன்னா" என்றேன். துளசிமணி எட்டி, என் தட்டிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டாள்.